கார்டான் ஊரைப் பார்ப்பது எப்படி: ஒரு பின்மனப்பதிவிய ஓவியத்தைப் படிக்கத் தொடங்குவோருக்கு

ஓவியத்துக்குப் பொருள் சொல்ல முதன்முதலாக முயல்கிறவர்கள் பெரும்பாலும் ஓவியரின் வாழ்க்கையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவருக்கு என்ன துயரம், யாரோடு சண்டை, எப்போது இறந்தார் என்பதைப் படித்துவிட்டு, அந்தக் கதையைக் கித்தானில் தேடுகிறார்கள். தேடினால் கிடைக்காமல் போகாது. இந்தக் கட்டுரை அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது. ஒரு படத்தைப் பற்றி நீங்கள் சொல்லும் ஒவ்வொரு கருத்துக்கும், அதன் மேல் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடம் இருக்க வேண்டும். வாழ்க்கை வரலாறு அதற்குப் பிறகு வரட்டும்.

இதைப் பழக, பிரெஞ்சு ஓவியர் பால் செசான் 1885க்கும் 1886க்கும் இடையில் வரைந்த ‘கார்டான்’ என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். பிரான்சின் தெற்கே, செசான் பிறந்த எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் குன்றின் மேல் அமைந்த சிற்றூர் கார்டான். இதே ஊரை அவர் மூன்று கித்தான்களில் வரைந்தார். நாம் பார்க்கப்போவது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது. இதைவிடப் புகழ்பெற்ற ஊர்க்காட்சிகள் பல இருக்கின்றன என்றாலும், இதில் ஒரு வசதி உண்டு: இது முற்றுப்பெறாத ஓவியம். கட்டி முடித்துச் சுண்ணாம்பு அடித்த வீட்டில் செங்கல் வரிசை தெரியாது. இங்கே வரிசை தெரிகிறது.

பின்மனப்பதிவியம் (Post-Impressionism) என்ற பெயரைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும் போதும். இந்தப் பெயரை 1910ஆம் ஆண்டு லண்டனில் நடத்திய கண்காட்சிக்காக ரோஜர் ஃபிரை என்ற ஆங்கிலேய விமர்சகர் வைத்தார். அப்போது, அந்தப் பெயரால் அழைக்கப்படும் ஓவியர்களான செசான், வான் கோ, கோகான், சூரா ஆகிய நால்வரும் உயிரோடு இல்லை. தங்களை ஒரே அணியாக அவர்கள் எண்ணியதும் இல்லை. ஆகவே இந்தப் பெயருக்கு ஓர் இலக்கணத்தை மனப்பாடம் செய்துகொண்டு, அது படத்தில் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பதில் பயனில்லை.

முதலில் படத்தைச் சரியாகத் திறந்துகொள்ளுங்கள்

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பதிப்புரிமைக் காலம் முடிந்த தன் ஓவியங்களின் உயர்தரப் படங்களை இணையத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். சுவரொட்டி விற்பவர்களும் வால்பேப்பர் தளங்களும் தரும் படங்களில் வண்ணம் ஏற்றப்பட்டிருக்கும், ஓரங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஓரங்கள் வெட்டப்பட்ட படத்தைக் கொண்டு ஓர் ஓவியத்தின் அமைப்பைப் பேசவே முடியாது. கைப்பேசியைவிடக் கணினித் திரை நல்லது. திரையில் இரவு நேர மஞ்சள் ஒளி அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். செசானின் நீலச்சாம்பல் நிறங்கள் அந்த மஞ்சளில் காணாமல் போய்விடும்.

அடுத்து, படத்தின் உண்மையான அளவை அறிந்துகொள்ளுங்கள். இந்தக் கித்தானின் உயரம் 80 சென்டிமீட்டர், அகலம் ஏறத்தாழ 64 சென்டிமீட்டர். அளவுநாடா ஒன்றை எடுத்துச் சுவரில் அந்தச் செவ்வகத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துப் பாருங்கள். திரையில் விரல் நீளமாகத் தெரியும் ஒரு தூரிகைத் தீற்றல் உண்மையில் எவ்வளவு சிறியது, ஒரு கை அசைவில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

பெயர்ச்சொற்களால் மட்டும் ஒரு பட்டியல்

இப்போது ஒரு தாளில், பார்ப்பதையெல்லாம் பெயரடை எதுவும் சேர்க்காமல் எழுதுங்கள். ‘அழகான’, ‘அமைதியான’, ‘சோகமான’ என்ற சொற்கள் இந்தக் கட்டத்தில் கூடாது. மேலே வானம், குன்றின் உச்சியில் மணிக்கூண்டுடன் தேவாலயம், அதன் கீழே ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும் வீடுகள், அவற்றின் சரிந்த கூரைகள், சுவர்கள், சன்னல்கள், இடையிடையே மரங்கள், கீழ்ப்பகுதியில் வண்ணம் பூசப்படாத இடங்கள். பட்டியல் ஏறக்குறைய இவ்வளவுதான்.

பட்டியலை முடித்த பிறகு, இல்லாதவற்றுக்கு இன்னொரு பட்டியல் போடுங்கள். தொடக்க நிலையில் இருப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான், ஆனால் ஊரைக் காட்டும் ஓவியத்தில் மிகுந்த பலன் தருவதும் இதுவே. இங்கே மனிதர்கள் இல்லை. ஊர் என்றால் ஆட்கள், ஆடுமாடுகள், வண்டி, துணி உலர்த்தும் கொடி, கிணற்றடி என்று எதிர்பார்க்கிறோம், ஒன்றும் இல்லை. நம் கண்ணைக் கைபிடித்து ஊருக்குள் அழைத்துப்போகும் தெரு ஒன்றும் தெளிவாகக் காட்டப்படவில்லை. இன்ன நேரம் என்று சொல்லத்தக்க நீண்ட மாலை நிழலோ, இன்ன பருவம் என்று அடித்துச் சொல்லத்தக்க பனியோ மழையோ இல்லை. இத்தனையும் இல்லாத ஊர்ப்படத்தில், ஓவியருக்கு எது வேண்டியிருந்தது என்ற கேள்வி தானாகவே எழுகிறது. அதற்கு இப்போதே பதில் சொல்ல வேண்டாம். கேள்வியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓவியர் எங்கே நிற்கிறார், ஊர் எப்படி ஏறுகிறது

நிலக்காட்சிக்கு ஓவியர்கள் வழக்கமாகக் கித்தானைப் படுக்கைவாட்டில் வைத்துக்கொள்வார்கள். செசான் இதை நெட்டுக்குத்தாக நிறுத்தியிருக்கிறார். அதனால் ஊர் பக்கவாட்டில் பரவுவதற்குப் பதிலாக மேல்நோக்கி ஏறுகிறது. கீழே மரங்களில் தொடங்கி, வீடுவீடாக உயர்ந்து, மணிக்கூண்டில் முடிகிறது. கட்டைவிரலால் அந்த மணிக்கூண்டை மறைத்துவிட்டுப் பாருங்கள். வீடுகள் எல்லாம் நோக்கமிழந்து குவியலாகக் கிடப்பதுபோல் தோன்றும். விரலை எடுத்தால் அதே வீடுகள் ஓர் உச்சியை நோக்கி அணிவகுக்கின்றன. இப்படி ஒவ்வோர் உறுப்பாக மறைத்துப் பார்ப்பது, எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதை அறிய எளிய வழி. எந்த ஓவியத்துக்கும் இது உதவும்.

அடுத்ததாகத் தூரம். பள்ளியில் நாம் கற்ற விதிப்படி, தொலைவில் இருப்பது சிறுத்து, மங்கி, நீலமாகிப் பின்வாங்க வேண்டும். ஒரே திசையில் ஓடும் கூரை விளிம்புகள் தொலைவில் ஒரு புள்ளியில் குவிய வேண்டும். ஓர் அளவுகோலைத் திரையில் வைத்து நாலைந்து கூரைகளின் விளிம்புகளை நீட்டிப் பாருங்கள். அவை ஒரே புள்ளிக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒவ்வொரு வீடும் தனக்கென்று ஒரு கோணத்தில் திரும்பியிருக்கிறது. மேல்வரிசை வீடுகளும் கீழ்வரிசை வீடுகளுக்கு ஈடான அழுத்தத்துடன் நிற்கின்றன. இதனால் ஊர் பின்னோக்கிப் போகாமல், கித்தானின் பரப்புக்கே வந்து நின்றுவிடுகிறது.

இது திறமைக்குறைவு அல்ல என்பதற்குச் சான்று அவருடைய கடிதம் ஒன்றிலேயே உண்டு. கார்டானுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1876 ஜூலையில், மார்செய் நகருக்கு அருகிலுள்ள லெஸ்தாக் என்ற கடலோர ஊரிலிருந்து தம் நண்பரும் வழிகாட்டியுமான ஓவியர் பிஸ்ஸாரோவுக்கு அவர் எழுதினார். நீலக் கடலின் முன்னால் தெரியும் சிவப்புக் கூரைகள் சீட்டாட்டச் சீட்டில் அச்சிட்டதுபோல் இருப்பதாகவும், அங்கே வெயில் அத்தனை கடுமையானதால் பொருள்கள் கறுப்பு வெள்ளையில் மட்டுமன்றி நீலம், சிவப்பு, பழுப்பு, ஊதா ஆகியவற்றிலும் நிழலுருவங்களாகத் தெரிவதாகவும் அந்தக் கடிதம் சொல்கிறது. உருண்டு திரண்ட கனத்தைவிடத் தட்டையான வண்ணப் பரப்பே தெற்கத்தி வெயிலில் அவர் கண்ணில் பட்டது. கார்டான் அதைத்தான் செய்கிறது, ஆனால் ஒரு படி மேலே போய், தட்டையான துண்டுகளைக் கொண்டே கனத்தையும் எழுப்புகிறது.

வண்ணத்தைப் படிப்பது

இந்த வழிகாட்டியில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. படத்தின் ஒரு நகலை எடுத்து, கைப்பேசியில் உள்ள எந்தத் திருத்தச் செயலியிலும் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். பிறகு இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வண்ணப் படத்தில் தெளிவாகப் பிரிந்து நின்ற கூரையும் மரமும் கறுப்பு வெள்ளையில் பல இடங்களில் நெருங்கிவந்துவிடும். ஒளி, நிழல் வேறுபாட்டைக் கொண்டு பிரிப்பதைவிட, வெம்மையான நிறத்தையும் குளிர்ந்த நிறத்தையும் அடுத்தடுத்து வைத்தே அவர் பொருள்களைப் பிரிக்கிறார் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. செம்மஞ்சள் கூரையும் வெண்மஞ்சள் சுவரும் முன்வருகின்றன. பச்சையும் நீலச்சாம்பலும் ஒதுங்குகின்றன. சுவர் ஒன்று திரும்பும் மூலையைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே நிழலுக்கென்று கறுப்புக் கலந்த பழுப்பு பூசப்பட்டிருக்கிறதா, அல்லது வேறொரு நிறம் வைக்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள்.

அப்படியே தூரிகைத் தீற்றல்களின் திசையையும் பாருங்கள். மரங்களில் தீற்றல்கள் ஏறக்குறைய ஒரே சாய்வில், ஒன்றன்பக்கம் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. இலையின் வடிவத்தை அவை பின்பற்றவில்லை. 1870களின் இறுதியிலிருந்து செசான் கைக்கொண்ட முறை இது. இலை எப்படி அசைகிறது என்பதைவிட, மரம் என்ற பச்சைத் திரள் வீடு என்ற மஞ்சள் திரளை எப்படித் தாங்குகிறது என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

இங்கேதான் மனப்பதிவியத்தோடு (Impressionism), அதாவது கணநேர வெளிச்சத்தைப் பிடிக்க முயன்ற ஓவிய இயக்கத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த இயக்கத்தோடு செசானுக்கு நேரடி உறவு உண்டு. 1872 முதல் 1874 வரை பாரிசுக்கு வடமேற்கே உள்ள பொந்துவாஸ், ஓவேர் ஆகிய ஊர்களில் பிஸ்ஸாரோவின் அருகில் வேலை செய்து, வெளிப்புறத்தில் நின்று வரையக் கற்றுக்கொண்டவர் அவர். 1874இல் நடந்த மனப்பதிவியரின் முதல் கண்காட்சியிலும் 1877இல் நடந்த மூன்றாவது கண்காட்சியிலும் பங்கேற்றவர். அந்த இயக்கத்தைச் சேர்ந்த மோனே ஒரு வைக்கோற்போரை வரையும்போது குறிப்பிட்ட பொழுதின் வெளிச்சத்தைப் பிடிக்க விரைகிறார். மேகம் நகர்ந்தால் வேறு கித்தானை எடுக்கிறார். செசானோ ஒரே கித்தானின் முன் நாட்கணக்கில் நின்று, வெளிச்சம் மாறினாலும் மாறாத ஓர் அமைப்பைத் தேடுகிறார். உங்கள் இல்லாதவை பட்டியலில் நேரமும் பருவமும் ஏன் வந்தன என்பதற்கு ஒரு பதில் இப்போது கிடைத்துவிட்டது. அந்தப் பதில் எந்தக் கலை வரலாற்று நூலிலிருந்தும் வரவில்லை, தீற்றல்களிலிருந்து வந்திருக்கிறது.

வெற்றிடங்கள்

கீழ்ப்பகுதியில் வண்ணம் படாத இடங்களுக்கு வாருங்கள். முற்றுப்பெறாத ஓவியம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாமல், எது முதலில் பூசப்பட்டது, எது விடுபட்டது என்று பாருங்கள். செசான் மேலிருந்து கீழாக, ஒரு மூலையை முடித்துவிட்டு மறுமூலைக்குப் போகிறவர் அல்லர். பல இடங்களில் ஒரே சமயத்தில் மெல்லிய வண்ணம் வைத்து, ஒன்றுக்கொன்று எப்படிப் பதில் சொல்கின்றன என்று பார்த்துப் பார்த்து முன்னேறுகிறவர். ஆகவே ஓரிடம் வெறுமையாக இருக்கும்போதும் படம் கலைந்துபோவதில்லை. வீடுகளின் சமநிலை எப்போதோ தீர்மானமாகிவிட்டது.

பிற்காலத்தில், 1899இல், ஓவிய வணிகர் ஆம்ப்ருவாஸ் வொலாரைச் செசான் உருவப்படமாக வரைந்தார். அப்போது நடந்ததை வொலார் எழுதியிருக்கிறார். கைகளில் பூசப்படாத இரண்டு சிறு புள்ளிகளைச் சுட்டிக்காட்டியதற்கு, அங்கே ஏதோ ஒரு நிறத்தை வைத்துவிட்டால் அந்த இடத்திலிருந்து தொடங்கிப் படம் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்று செசான் சொன்னாராம். வொலார் சற்று மிகைப்படுத்திச் சொல்லும் பழக்கமுள்ளவர்தான். ஆயினும் கார்டான் ஓவியத்தின் வெற்றிடங்களை அந்த மறுமொழியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு தீற்றல் மற்றெல்லாத் தீற்றல்களையும் கட்டுப்படுத்தும் முறை புரிகிறது.

மற்ற இரண்டு கார்டான்கள்

ஒரு படத்தைத் தனியே பார்க்கும்போது எது ஊரின் இயல்பு, எது ஓவியரின் முடிவு என்று பிரிப்பது கடினம். அதே ஊரின் இன்னொரு படம் கிடைத்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள இரண்டாவது கார்டானும் நெட்டுக்குத்தானது, அதுவும் முடிக்கப்படாதது. அங்கே வண்ணத்துக்கு முன் போடப்பட்ட கோடுகளையும் காணலாம். பிலடெல்பியாவில் உள்ள பார்ன்ஸ் அறக்கட்டளையின் கார்டான் படுக்கைவாட்டில் அமைந்தது, மற்ற இரண்டையும்விட நிறைவு பெற்றது. மூன்றையும் திரையில் ஒன்றாக வைத்து, மணிக்கூண்டு எங்கே விழுகிறது, வானத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஊருக்கு முன்னால் எவ்வளவு நிலம் விரிகிறது என்ற மூன்றை மட்டும் ஒப்பிடுங்கள். ஊர் மூன்றிலும் ஒன்றே. மாறுவதெல்லாம் ஓவியர் எடுத்த முடிவுகள். நீங்கள் பொருள் சொல்ல வேண்டியது அவற்றுக்குத்தான்.

இந்த இடத்தில் ஜார்ஜ் பிராக் என்ற பிரெஞ்சு ஓவியர் 1908இல் லெஸ்தாக்கில் வரைந்த வீடுகளையும் ஒருமுறை பார்த்துவிடலாம். செசான் இறந்ததற்கு மறுஆண்டு, 1907இல், பாரிசில் அவருடைய படைப்புகளின் பெரிய நினைவுக் கண்காட்சி நடந்தது. அதற்கு அடுத்த கோடையில் பிராக் கதவும் சன்னலும் இல்லாத கட்டிகளாக வீடுகளை அடுக்கினார். பொருள்களைக் கட்டிகளாகவும் கோணத் துண்டுகளாகவும் பிரித்துக் காட்டிய கியூபிசம் (Cubism) என்ற பிற்கால இயக்கத்துக்குக் கார்டான் முன்னோடி என்று அருங்காட்சியகக் குறிப்புகளில் நீங்கள் படிக்கும் வரியின் பின்னணி இதுதான். சரியான வரிதான், ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். செசான் கியூபிசத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கவில்லை. தம் கண்முன் இருந்த ஊரை நோக்கியே போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்தவர்களின் கணக்கில் அவரை வரவு வைத்துவிட்டால், அவருடைய சன்னல்களும் மரங்களும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இனி வாழ்க்கை வரலாறு

இப்போது படிக்கலாம். கார்டானில் செசான் தம் துணைவி ஓர்தான்ஸ் ஃபிகேயுடனும் மகன் பாலுடனும் குடியிருந்தார். அவருக்கு அப்போது 46 வயது. 1886 ஏப்ரலில் ஓர்தான்சை முறைப்படி மணந்துகொண்டார்; அவர்களுடைய மகனுக்கு அதற்குள் 14 வயது ஆகியிருந்தது. அதே ஆண்டு, பள்ளிக்கால நண்பர் எமில் ஸோலா, தோற்றுப்போன ஓவியர் ஒருவரைப் பற்றிய நாவலை வெளியிட்டார். அதில் செசானின் சாயலைப் பலர் கண்டார்கள். அக்டோபரில் தந்தை இறந்தார், பெரும் சொத்து கைக்கு வந்தது.

இத்தனை கொந்தளிப்பான ஓராண்டில் இத்தனை அசைவற்ற ஓவியம். உடனே, ‘மனக்கொந்தளிப்பிலிருந்து தப்பிக்கவே அவர் கல்வீடுகளிடம் போனார்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். தந்தை இறந்ததும் சொத்து வந்ததும் இந்த ஓவியத்துக்குப் பின்னால் நடந்தவை. தேதிகளை வரிசைப்படுத்தினாலே பல விளக்கங்கள் தாமாக உதிர்ந்துவிடும். மேலும், நெருக்கடி இல்லாத ஆண்டுகளிலும் அவருடைய நிலக்காட்சிகளில் மனிதர்கள் அரிதாகவே வருகிறார்கள். ஆகவே ஆளில்லாத ஊர் என்பது அந்த ஆண்டின் துயரச் சின்னம் என்று சொல்ல வழியில்லை.

ஊரின் வரலாறு இதைவிடப் பயனுள்ளது. கார்டான் வட்டாரம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர்போனது. சுரங்கத்தின் சுவடு எதுவும் இந்தப் படத்தில் எனக்குத் தென்படவில்லை. உச்சியில் தேவாலயமும் அதைச் சூழ்ந்த பழைய வீடுகளுமே இருக்கின்றன. ஊரின் உழைப்பை விட்டுவிட்டு அதன் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று இதை வைத்து வாதிடலாம். அவர் நின்ற இடத்திலிருந்து சுரங்கம் கண்ணில் பட்டிருக்காது என்றும் ஒருவர் மறுக்கலாம். செசான் வரைந்த இடங்களை 1930களில் தேடிப்போய்ப் புகைப்படம் எடுத்த ஜான் ரீவால்ட் போன்றோரின் பணி இத்தகைய விவாதங்களில்தான் உதவுகிறது. நேரில் இருந்தது எது, கித்தானுக்காக நகர்த்தப்பட்டது எது என்று அவற்றை வைத்து ஒப்பிட முடியும்.

எழுதும்போது

இதுவரை சேர்த்த குறிப்புகளை ஒரு பத்தியாக்குங்கள். முதல் முயற்சி கிட்டத்தட்ட இப்படி அமையலாம்:

‘செசான் கார்டான் ஊரை நெட்டுக்குத்தான கித்தானில் வைத்து, வீடுகளைத் தேவாலய மணிக்கூண்டை நோக்கி ஏற்றுகிறார். மேல்வரிசை வீடுகள் கீழ்வரிசை வீடுகளுக்கு ஈடான அழுத்தம் பெறுவதால், ஊர் தூரத்தில் இருப்பதாகத் தோன்றாமல் நம் எதிரே சுவர்போல் எழுகிறது. மனிதர்களையும் பொழுதையும் அவர் விட்டுவிட்டதால், நாம் அங்கே ஒரு நாளின் வாழ்க்கையைக் காண்பதில்லை; வெம்மையும் குளிர்ச்சியுமான நிறங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கட்டுமானத்தைக் காண்கிறோம்.’

இதில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் படத்தில் தொட்டுக் காட்டலாம். ‘ஆன்மாவின் தனிமை’ போன்ற தொடர்கள் இல்லாததால் பத்தி வறண்டிருப்பதாக உங்களுக்குத் தோன்றக்கூடும். அந்த வறட்சி முதல் வரைவுக்கு நல்லது.

கதை மிகுந்த ஓவியத்தில் சோதித்துப் பார்த்தல்

செசானிடம் கதையைத் தள்ளிவைப்பது எளிது. வின்சென்ட் வான் கோவிடம் அது கடினம். ஆகவே அடுத்த பயிற்சிக்கு, பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள ‘ஓவேர் தேவாலயம்’ ஓவியத்தை எடுங்கள். வான் கோ 1890 மே 20 அன்று ஓவேருக்கு வந்தார், ஜூலை 29 அன்று இறந்தார். இந்தப் படம் ஜூன் மாதத் தொடக்கத்தில் வரையப்பட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு யார் பார்த்தாலும் அந்தக் கருநீல வானத்தில் சாவைத்தான் காண்பார்கள்.

முதலில் பட்டியல் போடுங்கள். பின்புறத்திலிருந்து காணும் தேவாலயம். அலையும் கூரை விளிம்புகள். முன்னால் இரண்டாகப் பிரியும் பாதை. இடப்பாதையில் நமக்கு முதுகைக் காட்டி நடக்கும் ஒரு பெண். வெயில் படும் தரை, வெயில் படாத கட்டடம். இல்லாதவை பட்டியலில், உள்ளே நுழையக் கதவு இல்லை. பிறகு அவருடைய சாட்சியத்தைப் பாருங்கள். தங்கைக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் படத்தை அவர் ஏறத்தாழ முழுவதும் வண்ணங்களாகவே விவரிக்கிறார்: ஊதாவாகத் தெரியும் கட்டடம், தூய கோபால்ட் நீல வானம், அல்ட்ராமரின் என்ற அடர்நீலத் திட்டுகளாகச் சன்னல்கள், ஊதாவும் ஓரளவு செம்மஞ்சளுமான கூரை, வெயிலில் இளஞ்சிவப்பாக ஒளிரும் மணல். சாவைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை.

அதற்காக, வண்ணத்துக்கு மேல் எதுவும் பேசக்கூடாது என்றும் இல்லை. அதே கடிதத்தில், நெதர்லாந்தின் நூயனன் ஊரின் பழைய கோபுரத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் தாம் முன்பு வரைந்ததற்கு இது ஏறக்குறைய நிகரானது, இப்போது வண்ணம் மேலும் செழுமையாகியிருக்கிறது என்கிறார். 1885இல் இறந்த, மதபோதகரான அவருடைய தந்தை அடக்கம் செய்யப்பட்டது அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான். கதவில்லாத தேவாலயத்தையும் தந்தையின் மதத்தையும் இணைத்து ஒரு விளக்கம் தர விரும்பினால், அதற்கான வழியை அவரே திறந்துவைத்திருக்கிறார். ஜூலை மாதச் சாவை ஜூன் மாதப் படத்துக்குள் கொண்டுவர வேண்டிய தேவை இல்லை.

கடிதத்தையும் படத்தையும் ஒப்பிடும்போது வண்ணம் வெளிறும் என்பதையும் நினைவில் வையுங்கள். வான் கோ பயன்படுத்திய சில சிவப்பு நிறமிகள் வெளிச்சத்தில் நிலைப்பவை அல்ல. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ஐரிஸ் மலர்க் குவளை ஓவியத்தின் பின்னணி ஒருகாலத்தில் இளஞ்சிவப்பு; இன்று ஏறக்குறைய வெள்ளை. திரையில் தெரியும் வெண்மையைத் தூய்மை என்றோ வெறுமை என்றோ விளக்கும் முன், அருங்காட்சியகத்தின் பாதுகாப்புப் பிரிவு அந்தப் படத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள்.

மூன்றாவது படத்துக்கு மீண்டும் செசானிடம், மீண்டும் ஓவேருக்கு வரலாம்: 1873ஆம் ஆண்டு வாக்கில் வரையப்பட்டு, 1874ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட ‘தூக்கிலிடப்பட்டவனின் வீடு’. இதுவும் ஓர்சேயில்தான் இருக்கிறது. தலைப்பைப் படித்தவுடன் வீட்டின் மேல் ஓர் இருள் கவிந்துவிடும். ஆனால் அங்கே யாரும் தூக்கில் தொங்கியதாகத் தெரியவில்லை. பிரான்சின் வடமேற்குப் பகுதி மொழியான பிரெத்தோனில் அமைந்த வீட்டுக்காரரின் பெயரின் ஒலி பிரெஞ்சுக்காரர் காதில் அப்படி விழுந்ததால் வந்த தலைப்பு என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இந்தப் படத்துக்கு இரண்டு பட்டியல்களையும் விரல் சோதனையையும் கறுப்பு வெள்ளை நகலையும் நீங்களே செய்யுங்கள். கார்டானில் மெல்லியதாக இருந்த வண்ணம் இங்கே எவ்வளவு தடித்து, உலர்ந்த சாந்துபோல் அப்பிக் கிடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவது எளிதாக இருக்கும்.